நெகிழி வானூர்தி மாதிரியுரு

நெகிழி வானூர்தி மாதிரியுரு என்பது உண்மையான வானூர்தி ஒன்றின் உருவத்தைக் குறிப்பிட்ட அளவுவிகிதத்தில் சிறிதாக்கி, நெகிழிப் பாகங்களை ஒட்டி உருவாக்கப்படும் ஒப்புரு ஆகும். இது பறப்பதற்காக அன்றிக் காட்சிக்காகவே செய்யப்படுகின்றது. இதற்கான பாகங்கள், செய்முறைத் தாள், ஒட்டுப்படங்கள் ஆகியவை ஒரே பெட்டியில் தொகுதியாக விற்கப்படுகின்றன. பாகங்களை இணைத்து வண்ணம் பூசிய பின்னர், வெயில், மழை, புகை, எண்ணெய், மனிதர் நடமாட்டம் ஆகியவற்றால் உண்மை வானூர்தியில் ஏற்படும் தடயங்களை மாதிரியுருவில் காட்டுவது பழமையூட்டல் எனப்படுகின்றது. ஆங்கில வழக்கில் இது வெதரிங் என்று வழங்குகின்றது.

வரலாறு

1936 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பிராக் நிறுவனம் "பென்குவின்" என்ற பெயரில் நெகிழித் தொகுதிகளை வெளியிட்டது. பறக்காத பறவையின் பெயர் பறக்காத மாதிரியுருக்களுக்கு இடப்பட்டது. இவை 1:72 அளவுவிகிதத்தில், செல்லுலோசு அசிட்டேட்டு என்னும் பொருளால் செய்யப்பட்டன. அப்பொருள் காலப்போக்கில் வளைந்து நெளியும் தன்மை கொண்டது.

இரண்டாம் உலகப் போரின்போது நட்பு வானூர்தியையும் எதிரி வானூர்தியையும் பிரித்தறியும் பயிற்சிக்கு மாதிரியுருக்கள் தேவைப்பட்டன. தவறாக அடையாளம் கண்டால் தம் தரப்பு விமானியையே சுட்டு வீழ்த்தும் ஆபத்து இருந்தது. 1942 இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை 5 இலட்சம் மாதிரியுருக்களைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களை வேண்டியது. இவை மரத்தால் 1:72 விகிதத்தில் செய்யப்பட்டன. இவ்விகிதத்தில் அமைந்த மாதிரியுருவை 10 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், உண்மை வானூர்தி 720 மீட்டர் தொலைவில் தோன்றும் அளவிலேயே கண்ணுக்குத் தெரியும்.

போருக்குப் பின்னர் பாலிஸ்டைரீன் நெகிழியை உருக்கி, உயர் அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தும் முறை பரவியது. பிரித்தானியாவின் ஏர்பிக்ஸ் நிறுவனம் தனது முதல் வானூர்தித் தொகுதியான ஸ்பிட்பயரை 1953 இல் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ரெவெல், மோனோகிராம் ஆகிய நிறுவனங்களும், ஜப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில் தாமியா, ஹசெகாவா ஆகிய நிறுவனங்களும் இத்துறையில் வளர்ந்தன. 1963 இல் பன்னாட்டு நெகிழி மாதிரியுருவாளர் சங்கம் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது.

அளவுவிகிதம்

வானூர்தி மாதிரியுருக்களில் 1:144, 1:72, 1:48, 1:32, 1:24 ஆகிய விகிதங்கள் பெருவழக்காக உள்ளன. 1:72 என்பது ஆறு அடியை ஓர் அங்குலமாகவும், 1:48 என்பது நான்கு அடியை ஓர் அங்குலமாகவும் குறுக்குவதாகும். எடுத்துக்காட்டாக, ஸ்பிட்பயர் முதலாம் வகையின் இறக்கை நீட்டம் 11.23 மீட்டர். இது 1:72 இல் ஏறத்தாழ 156 மி.மீ. ஆகவும், 1:48 இல் 234 மி.மீ. ஆகவும், 1:32 இல் 351 மி.மீ. ஆகவும் அமையும்.

விகிதத்தை மனத்தில் கொள்வது பிற்கால வேலைகள் அனைத்துக்கும் அடிப்படையாகும். 1:72 மாதிரியுருவில் 0.1 மி.மீ. தடிப்புள்ள வண்ணப்பூச்சு, உண்மை வானூர்தியில் 7.2 மி.மீ. தடிப்புக்குச் சமமாகும். 0.2 மி.மீ. அகலமுள்ள தகட்டு இடைக்கோடு, உண்மையில் 14 மி.மீ.க்கும் கூடுதலான இடைவெளியாகிவிடும். எனவே பூச்சு மெல்லியதாகவும் கோடுகள் நுண்ணியவையாகவும் இருத்தல் வேண்டும்.

கட்டுமானம்

பாகங்கள், ஸ்ப்ரூ எனப்படும் நெகிழிச் சட்டத்தில் இணைந்த நிலையில் கிடைக்கின்றன. அச்சிலிருந்து எளிதில் கழலும்பொருட்டுப் பூசப்படும் எண்ணெய்ப் பசை அவற்றில் எஞ்சியிருக்கலாம். அது வண்ணம் பற்றுவதைத் தடுக்கும் என்பதால், முதலில் சட்டங்களைச் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்துவர். பின்னர் பாகங்களை முறுக்கி ஒடிக்காமல் வெட்டுக்குறடால் வெட்டி, எஞ்சும் பிசிறுகளைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்குவர்.

பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான் ஆகும். அது இரு பாகங்களின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கின்றது. கரைப்பான் ஆவியானதும் இணைப்பு ஒரே நெகிழியாக இறுகிவிடும். உலோகப் பாகங்களையும் ரெசின் பாகங்களையும் இப்பசை ஒட்டாது. அவற்றுக்குச் சயனோஅக்ரிலேட்டுப் பசை பயன்படுகின்றது. ஆனால் அதன் ஆவி கண்ணாடி போன்ற பாகங்களை வெண்மையாக மங்கச் செய்யும். ஆகவே விமானி அறை மூடியை ஒட்டுவதற்கு அதனைத் தவிர்த்து, உலர்ந்தபின் தெளிவாகும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்துவர்.

பொதுவாக விமானி அறையே முதலில் முடிக்கப்படும். உடற்பகுதியின் இரு பாதிகளும் ஒட்டப்பட்ட பின்னர் அதன் உட்புறத்துக்கு வண்ணம் பூச இயலாது என்பதே காரணம். மூக்குச் சக்கரம் கொண்ட வானூர்தியானால், உடற்பகுதியை மூடுமுன் மூக்கினுள் எடை வைக்க வேண்டும். இதனை மறந்தால், முடிவுற்ற மாதிரியுரு வால் தரையில் படும்படி பின்னோக்கிச் சாய்ந்துவிடும். இறக்கைகளை ஒட்டும்போது அவற்றின் மேல்நோக்கிய சாய்வுக் கோணம் இருபுறமும் ஒத்திருக்கின்றதா என முன்புறமிருந்து பார்த்துச் சரிசெய்வர். இணைப்புகளில் எஞ்சும் இடைவெளிகளைப் புட்டியால் நிரப்பி, நீர் நனைத்த உப்புத்தாளால் தேய்ப்பர்.

வண்ணம் பூசுதல்

எனாமல், அக்ரிலிக், லாக்கர் என மூன்று வகை வண்ணங்கள் பயன்படுகின்றன. சாம்பல் நிற அடிப்பூச்சு, வண்ணம் பற்றுவதற்கு உதவுவதுடன் மூடப்படாத இணைப்புகளையும் காட்டிக்கொடுக்கும். தூரிகையாலும் நன்றாகப் பூச முடியும். எனினும் அழுத்தக் காற்றால் இயங்கும் ஏர்பிரஷ் மெல்லிய, சீரான பூச்சைத் தருகின்றது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் லாக்கர் பூச்சு வெண்மை படர்ந்துவிடக்கூடும்.

அடையாளச் சின்னங்கள் நீரில் நனைத்து நகர்த்தும் ஒட்டுப்படங்களாகத் தரப்படுகின்றன. சொரசொரப்பான பரப்பில் இவற்றை ஒட்டினால், அடியில் சிக்கும் காற்று வெள்ளி போல் மினுங்கும். எனவே முதலில் பளபளப்பான தெளிந்த வார்னிஷ் பூசி, அதன் மீதே ஒட்டுப்படங்களை இடுவர்.

பழமையூட்டல்

பழமையூட்டலின் வழமையான வரிசை பின்வருமாறு:

1. ஒட்டுப்படங்களின் மேல் மீண்டும் ஒரு வார்னிஷ் பூச்சு இடப்படும். அடுத்து வரும் கரைப்பானிலிருந்து இது வண்ணத்தைக் காக்கின்றது.
2. எண்ணெய் வண்ணத்தை மிகுதியாக நீர்க்கச் செய்து தகட்டு இடைக்கோடுகளில் ஓடவிடுவர். உலர்ந்தபின் மேற்பரப்பில் எஞ்சியதைத் துடைத்தால், கோடுகளில் மட்டும் நிறம் தங்கும்.
3. வண்ணம் உரிந்த இடங்கள் வெள்ளி நிறப் புள்ளிகளாகக் காட்டப்படும். இதற்குப் பஞ்சுத் துண்டால் ஒற்றியெடுக்கும் முறை எளிதானது. மற்றொரு முறையில், அடியிலுள்ள வெள்ளி நிறத்தின் மீது உப்புத் துகள்களை நீரால் ஒட்டி, மேல் வண்ணம் பூசி, உலர்ந்தபின் உப்பைத் தேய்த்து நீக்குவர்.
4. மங்கல் வார்னிஷ் பூசிய பின், வண்ணப்பொடிகளால் புகைக்கறையும் புழுதியும் இடப்படும்.

ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பறக்கும்போது உண்டாகும் கறைகள் காற்றின் போக்கில் முன்னிருந்து பின்னோக்கி நீளும். நிற்கும்போது கசியும் எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எரிபொருள் மிகுந்த கலவை கரிய புகைக்கறையைத் தரும். ஈயம் கலந்த எரிபொருளைச் சிக்கனமாக எரித்து நெடுந்தொலைவு பறந்த வானூர்தியில் வெளிர்சாம்பல் நிறப் படிவு காணப்படும். விமானி ஏறி இறங்கும் இறக்கையடியில் தேய்மானம் மிகும். அடிப்பூச்சின்றி வண்ணம் பூசப்பட்ட ஜப்பானியத் தரைப்படை வானூர்திகள் சிலவற்றில், பசிபிக் தளங்களின் வெயிலிலும் மழையிலும் வண்ணம் பெருமளவு உரிந்ததைப் போர்க்கால ஒளிப்படங்கள் காட்டுகின்றன.

பொதுவான பிழைகள்

* அலுமினியத்தில் துரு நிறம் இடுதல். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. எஃகாலான புகைபோக்கிக் குழாய்களுக்கே பழுப்பு நிறம் பொருந்தும்.
* உலோகமல்லாத பரப்பில் வெள்ளிப் புள்ளிகள் இடுதல். டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ பெரும்பாலும் ஒட்டுப்பலகையாலும் பால்சா மரத்தாலும் ஆனது. ஹாக்கர் ஹரிக்கேனின் பின்னுடலும் ஸ்பிட்பயரின் வால் சுக்கானும் துணியால் மூடப்பட்டவை. இங்கு வண்ணம் உரிந்தால் உலோகம் தெரிய வாய்ப்பில்லை.
* எல்லாப் பரப்பிலும் ஒரே அளவான அழுக்கை இடுதல்.
* மற்றொரு மாதிரியுருவைப் பார்த்துச் செய்தல். இதனால் ஒருவரின் பிழை பலரின் பிழையாகிவிடுகின்றது.

கருத்து வேறுபாடுகள்

பழமையூட்டலின் அளவு குறித்து மாதிரியுருவாளர்களிடையே நீண்டகால விவாதம் உள்ளது. மேற்பரப்பின் வழவழப்பு வேகத்தைப் பாதிக்கும் என்பதால், தரைப் பணியாளர்கள் போர் வானூர்திகளைத் தூய்மையாகப் பேண முயன்றனர் என்றும், பல வானூர்திகள் பழமையடையும் முன்னரே வீழ்ந்துவிட்டன என்றும் ஒரு சாரார் கூறுவர். சிறிய உருவம் கண்ணுக்கு உயிர்ப்புடன் தோன்றச் சற்று மிகைப்படுத்தல் தேவை என்பது மறு சாராரின் கருத்து.

சான்றாகக் கொள்ளப்படும் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களும் எச்சரிக்கையுடன் நோக்கத்தக்கவை. அக்காலத்தில் பயன்பட்ட ஆர்தோகுரோமேட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராதது. அதனால் பிரித்தானிய வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையம் அதில் கருமையாகத் தோன்றும். இதனை அறியாதவர் வானூர்திக்குத் தவறான நிறத்தைச் சூட்டிவிட நேரும்.

நாசி ஜெர்மனி வானூர்திகளின் வாலில் இருந்த சுவசுத்திக்கா சின்னமும் சிக்கலுக்குரியது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றது. இதனால் பல நிறுவனங்கள் அச்சின்னத்தைத் தம் ஒட்டுப்படங்களில் தவிர்க்கின்றன அல்லது துண்டுகளாகப் பிரித்துத் தருகின்றன. வரலாற்றை உள்ளவாறு பதிவுசெய்வதா, பாதிக்கப்பட்டோரின் உணர்வை மதிப்பதா என்ற கேள்வி இங்கு எழுகின்றது.

பாதுகாப்பு

கரைப்பான் பசைகளும் எனாமல், லாக்கர் வண்ணங்களும் தீப்பற்றக்கூடியவை. இவற்றின் ஆவி உடலுக்குத் தீங்கானது என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஏர்பிரஷ் பயன்படுத்தும்போதும், ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போதும் தக்க சுவாசக் கவசம் அணிதல் நன்று. மூக்கு எடைக்கு ஈயத்துக்குப் பதிலாக எஃகுக் குண்டுகளைப் பயன்படுத்தலாம். கத்தியை உடலை நோக்கி இழுத்து வெட்டக் கூடாது. சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்வதே முறையாகும்.