கூரைச் சூரிய மின்நிலையங்களும் கட்டட நெறிகளும்: தமிழ்நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பி.எம். சூர்யா கர்’ திட்டத்தின் இலக்கு, ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவது. 3 கிலோவாட் நிலையத்துக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. இத்திட்டம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மானியம், நெட் மீட்டர், காலதாமதம் ஆகிய மூன்றையே சுற்றுகின்றன. தகடுகளைக் கால் நூற்றாண்டு சுமக்கப்போகும் கூரை பேச்சில் இடம்பெறுவதே அரிது. நம் அனுமதி முறை மின்கம்பியைச் சோதிக்கும் அளவுக்குக் கூரையைச் சோதிப்பதில்லை. இக்குறையை நீக்கப் புதிய முன்அனுமதி எதுவும் தேவையில்லை, தெளிவான நெறியும் பெயர் சொல்லிக் கேட்கத்தக்க பொறுப்பும் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரைந்த பகுதியும் விடுபட்ட பகுதியும்

அதே பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள் திருத்தப்பட்டன. 10 கிலோவாட் வரையிலான கூரை நிலையங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று விதி மாறியது. அதற்கு மேற்பட்டவற்றில் சாத்திய ஆய்வுக்கான கெடு 20 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்தது. நிலையத்தை இயக்கிவைப்பதற்கான கெடுவும் 30 நாளிலிருந்து 15 நாளானது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். சிறு வீட்டுக்காரரை மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு அலையவிட்ட நடைமுறை ஒழிய வேண்டியதே.

ஆனால், விரைவாக்கப்பட்டது மின் இணைப்புக்கான நடைமுறை மட்டுமே. மின்பகிர்மானக் கழகத்தின் ஆய்வு மீட்டர், நில இணைப்பு, மின்தடையின்போது இன்வெர்ட்டர் தானாக நிற்கிறதா என்பவற்றையே முதன்மையாகப் பார்க்கிறது. உள்ளாட்சி அமைப்புக்கோ, கட்டி முடிந்த வீட்டின் மொட்டை மாடியில் பின்னர் எழும் இரும்புச் சட்டம் தன் வேலையாகத் தோன்றுவதில்லை. தாங்கு சட்டம் அந்தந்த இடத்தின் காற்று மண்டலத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அமைச்சகத்தின் தொழில்நுட்ப நிபந்தனைகள் சொல்லத்தான் செய்கின்றன. குறை விதியில் இல்லை. அதைக் கூரைமேல் நின்று உறுதிசெய்யும் பொறுப்பு எவர் கையிலும் திட்டமாக ஒப்படைக்கப்படாததில்தான் இருக்கிறது.

காற்றின் கணக்கு

‘என் வீட்டுத் தளம் இவ்வளவு எடையைத் தாங்குமா?’ என்பதே வீட்டுக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி. நல்ல நிலையிலுள்ள காங்கிரீட் தளத்துக்கு எடை பெரிய சிக்கல் அன்று. ஆட்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையை இந்தியத் தர நெறி ஐ.எஸ். 875 கணக்கில் கொள்ளச் சொல்கிறது. தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான் வரும். கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: புயற்காற்று தகட்டை மேலே தூக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது எது?

அதே நெறியின் மூன்றாம் பகுதி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரையும், மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டரையும் வரையறுக்கிறது. காற்றழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே சென்னையில் அது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், மதுரையில் சுமார் 913 நியூட்டன். 550 வாட் தகடு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர், எடை 30 கிலோ அளவில். அழுத்தக் கெழுவை 1 என்று எளிமையாகக் கொண்டால், சென்னையில் அத்தகட்டின் மீது செயல்படும் தூக்குவிசை சுமார் 400 கிலோ எடைக்குச் சமம். ஆறு தகடு கொண்ட வீட்டு நிலையத்துக்கு இது 2.4 டன். மதுரையில் போதுமான ஒரு தாங்கு சட்டத்தை மாற்றமின்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தால், அது ஒன்றரை மடங்குக்கும் மேலான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். 2016இல் வர்தா புயலையும் 2018இல் கஜா புயலையும் கண்ட கடலோர மாவட்டங்களில் இது ஏட்டுக் கணக்கு அன்று.

இங்கே நம் கட்டுமான மரபின் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் காங்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது வழக்கம். வெப்பத்தையும் நீர்க்கசிவையும் தடுக்கவே இந்த அடுக்கு. இழுவிசையைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. ஆங்கர் போல்ட் இந்த அடுக்கோடு நின்றுவிட்டால், பார்வைக்கு இறுகியிருக்கும் சட்டம் புயலில் பிடுங்கிக்கொள்ளும். போல்ட்டைக் காங்கிரீட் வரை இறக்கித் துளையைச் சரியாக அடைக்காவிட்டால், அடுத்த மழையில் மேற்கூரை ஒழுகும். துணி காயப்போடவும் வடகம் பிழியவும் மாடி வேண்டும் என்பதற்காகச் சட்டத்தை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டுவதும் இங்கே பரவலாகிறது. அது நியாயமான தேவையே. ஆனால் உயரம் கூடக் கூட அடிக்காலில் விழும் திருப்புவிசையும் கூடுகிறது. தாழ்ந்த சட்டத்துக்கான போல்ட்டும் கனமும் உயர்ந்த சட்டத்துக்குப் போதாமல் போகலாம்.

வெயிலில் அணையாத மின்சாரம்

இரண்டாவது விடுபடல் தீப் பாதுகாப்பு. மெயின் சுவிட்சை அணைத்தால் இன்வெர்ட்டர் நிற்கும். ஆனால் வெயில் இருக்கும்வரை தகடுகளிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கம்பியில் மின்னழுத்தம் நிற்காது. ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் அது 300 வோல்ட் அளவுக்கு இருக்கும். மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. தகடுகளிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பில்லை. 2013இல் அமெரிக்காவின் டெலான்கோ என்ற ஊரில் ஒரு பெருங்கிடங்கு எரிந்தபோது, கூரையிலிருந்த ஆயிரக்கணக்கான மின்தகடுகளால் மின்தாக்கு நேரும் என்ற அச்சம் தீயணைப்பு வீரர்களைக் கூரைமேல் ஏறவிடவில்லை. அந்நாட்டு மின் நெறி 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், கூரைக் கம்பிகளின் மின்னழுத்தத்தை விரைந்து குறைக்கும் விரைவு நிறுத்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி, 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை மேலும் இறுக்கியது.

கலிபோர்னியா தரும் சான்று

நெறியைக் கூட்டினால் தாமதம் கூடும், செலவு ஏறும், ஏழை எளியவர் ஒதுங்கிவிடுவர் என்பது வலுவான மறுப்பு. இதற்கான விடை கலிபோர்னியாவில் இருக்கிறது. 2014இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், 10 கிலோவாட்டுக்கு மேற்படாத வீட்டு நிலையங்களுக்கு நகராட்சிகள் விரைவு அனுமதி தர வேண்டும் என்றது. சாதாரணக் கூரைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல், பொருத்திய பின் ஒரே ஒரு நேரடி ஆய்வு என்பதே அதன் வழி. 2022இல் வந்த சட்டம் இணையவழித் தானியங்கி அனுமதியை நோக்கி நகர்த்தியது. கூரையில் நடைவழி விடுதல் போன்ற தீ நெறிகள் இதனால் தளர்த்தப்படவில்லை. எது சரி என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்ததால்தான் அனுமதி விரைவாயிற்று. நாம் விரைவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய பட்டியலை விட்டுவிட்டோம்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன.

முதலாவது, காற்று மண்டலத்துக்கும் சட்டத்தின் உயரத்துக்கும் ஏற்ற மாதிரித் தாங்கு வரைபடங்களை அரசே வெளியிட வேண்டும். சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கச் சோதனை வசதி இருக்கிறது. அங்கே ஒருமுறை சோதித்த வடிவத்தை எந்த வீட்டுக்காரரும் தனிச் செலவின்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, பொருத்துநர் கையொப்பமிட்ட ஒரு பக்கச் சான்றும், ஆங்கர் காங்கிரீட்டில் இறங்கியதைக் காட்டும் படங்களும் நெட் மீட்டர் விண்ணப்பத்தோடு சேர வேண்டும். மாதிரி வரைபடத்தை மீறிய சட்டங்களுக்கு மட்டும் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்பம் போதும். இச்சான்றுகளில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்துப் பின்னர் நேரில் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, மாடிப்படியிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை மூன்றடி நடைவழியும், எளிதில் எட்டும் இடத்தில் தமிழில் பெயரெழுதிய நேர்திசைத் துண்டிப்பானும் கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், தளம் வார்க்கும்போதே சட்டத்துக்கான குட்டைத் தூண்களும் கம்பிக் குழாயும் வைக்கும் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். வார்க்கும்போது வைத்தால் செலவு சொற்பம். பின்னாளில் துளையிடவும் வேண்டாம், ஒழுகலும் வராது.

இவற்றில் எதுவும் வீட்டுக்காரரை ஒரு நாள்கூடக் கூடுதலாகக் காக்கவைக்காது. கூரைச் சூரிய மின்சாரம் மக்களின் நம்பிக்கையில் வளரும் துறை. ஒரு புயலில் ஒரு தெருவின் தகடுகள் பறந்தால் அந்த ஊரே பல்லாண்டு பின்வாங்கும். அதற்கு முன்பே கூரைக்கான நெறியை எழுதி, அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் அரசு அறிவிக்க வேண்டும்.