மூன்றாம் முறையும் கொடுத்தவர்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், நொட்டசல்கா என்னும் சிற்றூரை அடுத்த ஷைலோ கிராமத்தில், பாப்டிஸ்ட் சபைக் கோவிலின் அருகே மரத்தாலான பழைய பள்ளிக்கூடம் ஒன்று உள்ளது. 1920களில் எழுந்த அது, பிள்ளைகளின் வருகை நின்றபின் பழுதடைந்தது. அவ்வூராரே ஓர் அறக்கட்டளையை நிறுவி அதனைச் செப்பனிட்டனர். 2010இல் கோவிலும் பள்ளியும் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு மரக்கட்டடத்திற்கு இத்துணை பாடு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம்.

அடிமைமுறை 1865இல் ஒழிந்த பின்னரும், தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் செலுத்திய வரியில் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பி வந்தது மிகச் சொற்பமே. டஸ்கீகி கல்வி நிறுவனத் தலைவர் புக்கர் வாஷிங்டன் 1912இல் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் உதவியை நாடினார். சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவரான அந்த யூதச் செல்வர் பணம் தர இசைந்தார்; ஆயினும் ஊராரும் தம் பங்கைத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. முதலாவதாக லோச்சபோக்காவில் எழுந்த பள்ளிக்கு ஏறத்தாழ 942 டாலர் செலவாயிற்று. அதில் ரோசன்வால்ட் தந்தது 300. வெள்ளையர் தந்தது 360. எஞ்சிய 282 டாலரைக் கறுப்பின ஊரார் பணமாகவும் உடலுழைப்பாகவும் ஈந்தனர்.

போலிகீ என்னும் ஊரில் நிதி திரட்டக் கூடிய கூட்டத்தில், அடிமை வாழ்வைக் கண்ட முதியவர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பையொன்றை எடுத்து, வாழ்நாள் சேமிப்பான 38 டாலரையும் மேசைமீது கொட்டினாராம். தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

1932க்குள் 15 மாநிலங்களில் 5,357 கட்டடங்கள் எழுந்தன. மொத்தச் செலவு 2 கோடியே 84 இலட்சம் டாலர். பெரும்பகுதி அரசின் வரிப்பணமே. ரோசன்வால்ட் நிதியின் பங்கு ஏறத்தாழ 43 இலட்சம். ஏழைகளான கறுப்பின மக்களின் பங்கோ 47 இலட்சம்! வள்ளலின் பெயரால் வழங்கும் பள்ளிகளுக்கு வள்ளலைவிட மிகுதியாகக் கொடுத்தவர்கள் அவர்களே. வரியாக ஒருமுறை, நன்கொடையாக மறுமுறை. ரோசன்வால்டின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. எனினும், உரிமையாக வரவேண்டியதை மக்கள் விலைகொடுத்து வாங்க நேர்ந்த ஏற்பாட்டை முழுமனத்தோடு போற்ற நம்மால் இயலவில்லை.

கட்டடங்களின் அமைப்பு வியப்பிற்குரியது. மின்சாரம் எட்டாத ஊர்களாதலால், வகுப்பறைச் சுவரில் உயரமான சன்னல்களை வரிசையாக வைத்துப் பகலொளியை உள்ளே கொணர்ந்தனர். பல பள்ளிகளில் இரு வகுப்பறைகளுக்கிடையே மடக்குத் தடுப்பு இருந்தது. அதை விலக்கினால் ஊர்மன்றம் ஆகும். பள்ளி என்பது ஊரின் பொதுக்கூடமும் ஆயிற்று.

1954இல் உச்ச நீதிமன்றம் இனவாரியாகப் பிரித்த பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் இவை ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. நீதி வென்றதால் கைவிடப்பட்ட கட்டடங்கள்! சில கோவில் மண்டபங்களாயின, சில வைக்கோல் வைக்கும் கொட்டில்களாயின, பெரும்பாலானவை அழிந்தன. 2002இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளை இவற்றை அழிவின் விளிம்பிலுள்ளவை என்று அறிவித்த பின்னரே பலரது கவனம் இப்பக்கம் திரும்பியது. நம் பங்குகளில் மண்டபத்தின் ஓடு பெயர்ந்தால், வெளியே யார் தருவார் என்றே முதலில் விசாரிக்கிறோம். ஷைலோ மக்களோ மூன்றாம் முறையும் தாமே முன்வந்தனர்.

அவர்கள் மீட்டது பள்ளிக்கூடத்தை மட்டுமன்று. 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், மருந்து கிடைத்த பின்னரும் அதைக் கொடாமலும் அரசு மருத்துவத்துறை நடத்திய டஸ்கீகி ஆய்வுக்கு ஆள் சேர்த்த இடங்களுள் ஷைலோ கோவிலும் ஒன்று. அரசின் சார்பில் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல். அவ்வாறு ஏமாற்றப்பட்டோர் பலர் அக்கோவிலின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.