சீகன்பால்குவின் மறுவருகை

1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சுப் பணியைத் தமிழுலகம் நன்கறியும். ஆனால், 1714இல் அவர் ஐரோப்பா சென்றதும், 1716இல் மனைவி மரியா டோரதேயாவுடன் மீண்டதும் போதிய கவனம் பெறவில்லை.

அப்பயணத்தில் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அவர் துணையுடன் கப்பலிலேயே இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்று உருவாயிற்று. 1716இல் ஆல்லே நகரில் அச்சேறியது. நூலாசிரியராக அறியப்படுபவர் சீகன்பால்கு ஒருவரே. இலக்கண வரலாறு எழுதியோர் மலையப்பனைப் பெரும்பாலும் மறந்தனர். இது பொறுக்கத்தக்க மறதியன்று.

அதே ஆல்லேயில் மற்றொரு கையெழுத்துப்படி உறங்கிற்று. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதியனுப்பிய நூல் அது. பணியாளரை அனுப்பியது பிற சமயத்தை ஒழிக்கவே. ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது பிராங்கேயின் கருத்து. மொழியைக் கற்க உதவும் நூல் அச்சேறியது. மக்களை அறிய உதவும் நூலோ 1867 வரை காத்திருந்து சென்னையில் வெளிவந்தது.

மீண்டு வந்தவர் 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். கோபன்கேகனிலிருந்து வந்தனவோ செலவைக் கண்டிக்கும் மடல்கள். 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் அகவையில் மறைந்த அவர், அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.