ரிசர்வ் பாராசூட்: முன்பழக்கம்

வானிலிருந்து குதிப்பவரின் முதன்மைப் பாராசூட் விரியாமலோ சிக்கியோ போனால் திறக்கப்படும் இரண்டாவது பாராசூட்தான் ரிசர்வ். அமெரிக்காவில் இதை 180 நாளுக்கொரு முறை உரிமம் பெற்ற ரிக்கர் சோதித்து மடிக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் வலப்பக்கக் கைப்பிடி பழுதான முதன்மையைக் கழற்றிவிடும். இடப்பக்கத்தது ரிசர்வைத் திறக்கும். இந்த வரிசையைத் தரையில் எல்லாரும் பழகுகிறார்கள். விரிந்தபின் ரிசர்வை ஓட்டிப் பார்த்தவர்களோ குறைவு; பயிற்சியில் இது பெரிய ஓட்டை.

ரிசர்வின் குணமே வேறு. இன்றைய முதன்மைகள் பலவற்றில் ஒன்பது அறைகள், காற்றே புகாத துணி. ரிசர்வுக்குப் பெரும்பாலும் ஏழு அறைகள், சற்றே காற்று கசியும் துணி. நம்பகமாக விரிவதற்கென்றே அமைந்தது. பழகிய கைக்கணக்கில் தரைக்கு அருகே பிரேக்கை இழுத்தால் எதிர்பார்த்தபடி வேகம் தணியாது.

ரிசர்வ் மாதிரியை முதன்மைப் பைக்குள் மடித்துக் குதித்துப் பார்க்கச் சில தயாரிப்பாளர்கள் இரவலாகத் தருகிறார்கள். போதிய உயரத்தில் பிரேக்கை மெல்ல மெல்ல இறக்கினால், கைகள் எந்த இடத்துக்கு வரும்போது ஸ்டால் (பாராசூட் தூக்குவிசை இழப்பது) தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். பின்புற ரைசர்களால் (பாராசூட்டின் கயிறுகளை உடல்வாரோடு இணைக்கும் பட்டைகள்) திருப்பியும் பார்க்கலாம். சிறிய ரிசர்வ் வாங்குவோருக்கு இது மிக அவசியம்: நினைவிழந்தவரை, ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி காப்பாற்றினால், அவர் இறங்குவது அந்தத் துணியின் போக்கில்தான்.