திருமுக்கூடல் ஆதுலசாலையும் பொது மருத்துவமும்

நோயுற்ற உறுப்பினர்க்கு உதவும்பொருட்டு நம் சங்கத்தில் ஒரு மருத்துவ நிதி தொகுத்தல் வேண்டுமென அன்பர் சிலர் சென்ற கூட்டத்தில் மொழிந்தனர். நோக்கம் நன்றே. ஆயினும் அவ்வளவில் நாம் அமைதல் தகுமோ என்பதற்கு வரலாறே விடை கூறும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடல் நம் உத்தரமேரூருக்கு அணித்தே உளது. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படும். அது வீரசோழன் என்னும் ஆதுலசாலையைக் குறிக்கின்றது. ஆதுலர் என்பார் நோயாளர். ஆங்கே படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். இவர்க்கெல்லாம் ஊதியம் வரையறுக்கப்பட்டது. ஓராண்டுக்கு வேண்டும் மருந்துகளும் பெயர் சுட்டிச் சேமிக்கப்பட்டன.

இதனைப் படித்துப் பெருமிதம் கொள்கின்றோம், கொள்ளுதற்குரியதே. ஆனால் அப்படுக்கைகள் யாருக்கு? அங்குக் கல்வி பயின்ற மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே. நெல் விளைத்த உழவனுக்கு அவற்றுள் ஒன்றும் வகுக்கப்படவில்லை. நம்மூர்க் குடவோலையும் அத்தகையதே. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் நிலமும் மனையும் கல்வியும் உடையாரையே வாரியத்திற்கு உரியராக்கின. வாரியத்தில் இடமில்லாதார்க்கு ஊர்ச் செல்வத்தில் உரிமை கேட்கும் வாயும் இல்லையாயிற்று.

இந்நிலை மாறவேண்டுமென்று நம் நாட்டில் தெளிவுறக் கூறியது 1943இல் அமைந்த போர் குழு. பொருள் இல்லாமையால் எவரும் தக்க மருத்துவம் பெறாதொழிதல் கூடாதென்று 1946இல் அஃது அறிவித்தது. அறிக்கை வந்தது, அதனைக் கேட்டுப் பெறும் மக்கட்கூட்டம் போதிய அளவில் திரளவில்லை.

திரண்ட இடம் ஒன்று கூறுவேன். கனடா நாட்டுச் சஸ்காட்செவன் மாகாணத்தார் பெரும்பாலும் கோதுமை உழவர். தனியொருவர் மருத்துவரை வைத்துக்கொள்ள இயலாமையின், ஊர்தோறும் வரி தொகுத்து மருத்துவர்க்கு ஊதியம் தந்தனர். அப்பழக்கமே வளர்ந்து, 1947இல் மாகாணம் முழுதுக்கும் மருத்துவமனைக் காப்பீடாயிற்று. 1962 சூலையில் மருத்துவர் கட்டணத்தையும் அரசே செலுத்தும் முறை தொடங்கியபோது, மருத்துவர் பலர் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு தளரவில்லை, உடன்பாடு பிறந்தது. 1966இல் நாடு முழுதுக்கும் சட்டம் இயன்றது. ஊர்வரி கட்டிப் பயன் கண்டவர் பலராதலின், அதனைக் காக்க நின்றவரும் பலராயினர்.

நம் மாநிலத்திலும் வித்து உளது. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகட்கெல்லாம் மருந்தை ஒருங்கே வாங்கி விலையைக் குறைத்தது; வாங்குவோர் ஒருவராயின் விலை பணியும். 2009இல் ஓர் ஆட்சி தொடங்கிய மருத்துவக் காப்பீட்டை, மாற்றுக் கட்சியின் ஆட்சி 2012இல் வேறு பெயரால் தொடர்ந்தது; மக்கள் கைக்கொண்டதை நீக்க எவரும் துணியார். எனினும் 72,000 ரூபாய் ஆண்டு வருவாய் என்று அன்று எல்லை வகுத்தனர். எல்லைக்கு ஒரு ரூபாய் மிகுந்தவனும் நோய்க்கு அஞ்சுபவனே. அவனைப் புறத்தே நிறுத்தின், திட்டத்திற்காகப் பேசும் நாவொன்று குறையும்.

நிற்க. இருநூறு குடும்பங்கள் கூட்டிய நிதியை ஒரு வீட்டின் இருதய நோயே ஓராண்டில் உண்டுவிடும். கோடிக் குடும்பங்கள் கூட்டிய நிதிக்கு அது துளி. ஆதலின் சங்க நிதி அவசரத்திற்கு இருக்கட்டும். ஆனால் வாக்குக் கேட்டு வருவாரிடம் நம் மரபினர்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டற்க. ஊரார் அனைவர்க்கும் ஒரே நிதி, ஒரே உரிமை என்று வேண்டுக. அயல் தெருவினரையும் உடன் அழைத்துச் செல்க. நமக்கென்று மட்டும் கேட்பின், நாமும் 15 படுக்கைகளையே கேட்டவராவோம்.