ஆடல் மகளிரும் அறக்கொடையும்

செட்டிநாட்டுத் திருக்கோயில்களின் திருப்பணிகள் நகரத்தார் பெருமக்களின் மகமையாலும் புள்ளி வரியாலும் நிகழ்ந்தவை என்பது யாவரும் அறிந்ததே. அதே சிவகங்கைச் சீமையில், வைகைக் கரையிலுள்ள திருப்பூவணத்தில் வழங்கிவரும் கொடை வரலாறோ ஓர் ஆடல் மகளைப் பற்றியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இரசவாதஞ் செய்த படலம் அவ்வம்மையாரின் சரிதமேயாகும். பொன்னனையாள் என்னும் அவர் வைகறையில் நீராடிப் பூவணநாதரை வழிபட்டு, திருமுன்னர் ஆடி, அடியார்க்கு அமுதளித்து, எஞ்சியதையே தாம் உண்ணும் நியமம் பூண்டவர். இறைவனுக்குப் பொன்னால் திருமேனி வார்க்க விரும்பிக் கருக்கட்டி வைத்தும், ஈட்டியதெல்லாம் அன்னத்திற்கே சென்றமையால் பொன்னின்றி வருந்தினார். ஆலவாய் அண்ணல் சித்தராய் எழுந்தருளி, வீட்டிலிருந்த பாத்திரங்களில் நீறு தூவிப் பொன்னாக்கிய அற்புதத்தைப் பலரும் வியந்து பேசுவர். பொன் வந்த வழியினும், அது முன்னே இல்லாமற்போன வழியன்றோ பெரிதும் கருதத்தக்கது!

திருவாரூரில் உருத்திர கணிகையர் குலத்துதித்த பரவையாரும் இத்தகையரே. குண்டையூர் நெல் மலைபோல் வந்து குவிந்தபோது, அவரவர் மனையெல்லையிற் கிடந்த நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க எனப் பறையறைவித்ததாகப் பெரிய புராணம் கூறும்.

புராணச் செய்திகளைச் சான்றாகக் கொள்ள அஞ்சுவார்க்குக் கல்வெட்டு இருக்கின்றது. தஞ்சை இராசராசேச்சரத்தில் முதலாம் இராசராச சோழன் 1014ஆம் ஆண்டையொட்டி வெட்டுவித்த சாசனம், சோழ மண்டலத்துக் கோயில்கள் பலவற்றினின்றும் வருவித்துக் குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிக்கின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் ஒரு பங்காக விதிக்கப்பட்டன. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை என்றவாறு, தெருவும் வீடும் பெயரும் வரிசை பிறழாமற் காணப்படுகின்றன. இக்காலத்து உபயதாரர் பலகைகளில் ஆடவர் பெயருக்குப் பின் ‘குடும்பத்தார்’ என்னும் ஒரு சொல்லுக்குள் மகளிர் அடங்கிவிடுகின்றனர். 400 பெயரையும் கல்லில் ஏற்றிய மன்னனுக்கு அத்துணைச் சிக்கனம் தோன்றவில்லை போலும்!

இறந்தார்க்கும் புலம்பெயர்ந்தார்க்கும் ஈடாக, அவர்தம் நெருங்கிய சுற்றத்தார் அப்பங்கைப் பெற்றுப் பணிபுரிய வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அவர்களே தேர்ந்து நிறுத்த வேண்டும் என்பது அச்சாசனத்தின் விதி. ஒருத்தியின் பங்கு அவளோடு முடிந்துவிடாமல் அடுத்தவளுக்குச் சோறாயிற்று. தேவரடியார் தம் கைப்பொருளால் நந்தா விளக்கும் அமுதுபடியும் வைத்த செய்திகள் பிற கோயிற் கல்வெட்டுக்களிலும் பல உள.

காலம் சென்றது. கோயில் மானியம் சுருங்கிற்று, காத்தோர் மறைந்தனர், அம்மகளிரின் பெயரே இழிசொல்லாயிற்று. அந்நிலையில் அவர்க்கு நலன் நாடிய இருவர், ஒருவரோடொருவர் மாறுபட்டு நின்றனர் என்பதை வரலாறு மறைக்கவியலாது.

ஒருவர், செட்டிநாட்டின் அண்டை ஊராகிய புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அன்னையார் சந்திரம்மாள் தேவரடியார் குலத்தவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியவேண்டுமெனச் சென்னைச் சட்டசபையில் அவர் வாதாடினார். புகலற்று வந்த பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரால், இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அதன் பயனே 1954இல் அடையாற்றில் திறக்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை.

மற்றவர், 1878இல் பிறந்து இசையும் ஆடலும் பயின்ற பெங்களூர் நாகரத்தினம்மாள். பொட்டுக்கட்டுத் தடை தம் குலத்தாரின் கலையையும் வாழ்வையும் ஒருங்கே அழிக்குமென அஞ்சி எதிர்த்தார். பொட்டுக்கட்டுதல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நின்றது, அது நன்றே. எனினும் கலையைக் குறித்து அவர் கொண்ட அச்சம் வீணன்று. சதிர் பரதநாட்டியமென்னும் பெயரோடு மேடையேறியபோது, அதனைக் காத்த குடும்பங்களுள் மிகப் பல புறத்தே நின்றுவிட்டன.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதி பாழ்பட்டுக் கிடந்ததைக் கேள்வியுற்ற அவ்வம்மையார், தம் ஈட்டத்தைச் செலவிட்டுக் கோயில் எடுப்பித்தார். 1921இல் தொடங்கிய பணி 1926இல் குடமுழுக்கோடு நிறைவெய்திற்று. கோயில் கட்டியவர்க்கே ஆராதனையில் பாட இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என்னும் இரண்டும் மகளிரை விலக்கியிருந்தன. அம்மையார் சலிக்கவில்லை. 1927 முதல் மகளிரைத் திரட்டிப் பெண்கள் கட்சி என ஒன்று அமைத்து, சமாதியின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். கட்சிகள் 1940ஐ ஒட்டி ஒன்றாயின; மகளிர்க்கும் பாடும் உரிமை கிட்டியது. 1949இல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்திலும் அவ்வுரிமையை உறுதிசெய்துவிட்டே 1952இல் சிவபதம் எய்தினார்.

புஷ்ய பகுள பஞ்சமியில் காவிரிக்கரையில் ஆடவரும் மகளிரும் ஒருங்கமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகின்றனர். சுவாமிகளின் சந்நிதியை நோக்கிக் கைகூப்பியவண்ணம் அம்மையாரின் கற்சிலை அமைந்திருக்கின்றது.