குங்ஸ்லேதன் கோடைப் பயணம்: ஆயத்தமும் மூட்டை கட்டுதலும்

குங்ஸ்லேதன், ஸ்வீடனின் வடமேற்கு மலைகளில் அபிஸ்கோ முதல் ஹேமாவன் வரை சுமார் 440 கி.மீ. நீளும் நடைபாதை. இதில் கூட்டம் அதிகம் நாடுவது வடகோடிப் பகுதி. அபிஸ்கோவில் ரயிலைவிட்டு இறங்கி, ஸ்வீடனின் மிக உயர்ந்த மலையான கெப்னெகைசேயின் அடிவாரம் வழியாக நிக்கலுவோக்தா வரை சுமார் 105 கி.மீ. நடப்பார்கள். பெரும்பாலோர் இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். 1885இல் தொடங்கப்பட்ட ஸ்வீடன் சுற்றுலாச் சங்கத்தின் குடில்கள் வழியில் 12 முதல் 20 கி.மீ. இடைவெளிகளில் உள்ளன.

அபிஸ்கோ ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 200 கி.மீ. வடக்கே இருக்கிறது. அங்கே கோடை என்பது பெயரளவுக்குத்தான். ஜூலை மாதப் பகலில் சட்டையோடு நடக்க முடியும். அன்று மாலையே கணவாயில் காற்றும் குளிர்மழையும் பிடித்துக்கொள்ளலாம், பனிகூடப் பெய்யலாம். மேற்கிலிருந்து வரும் மழையை மலைகள் தடுத்துவிடுவதால் அபிஸ்கோவில் ஆண்டு முழுவதும் சுமார் 300 மி.மீ. மழைதான், ஸ்வீடனிலேயே மிக வறண்ட இடங்களில் அதுவும் ஒன்று. புறப்படும் இடத்தில் வானம் வெளுத்திருப்பதைப் பார்த்து மழையாடையைக் குறைத்துக்கொள்கிறவர், இரண்டு நாள் தள்ளி அதற்கு விலை கொடுக்கிறார். இங்கே நடப்பவரின் உண்மையான எதிரி கடுங்குளிர் அல்ல. பூஜ்யத்துக்குச் சற்று மேலான வெப்பநிலையில் நனைந்த உடம்போடு காற்றில் நிற்பதுதான் உடல் வெப்பத்தை மளமளவென்று இறக்கிவிடும். மூட்டை கட்டும்போது எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

எந்த மாதம் போவது என்பதே முதல் முடிவு. ஜூன் கடைசியில் குடில்கள் திறந்துவிடும். ஆனால் 1,150 மீட்டர் உயரமுள்ள செக்ட்யா கணவாயில் பனி கிடக்கும், பனி உருகி ஓடைகள் பெருகியிருக்கும். ஜூலையில் கொசு, அதைவிடத் தொல்லையான சிறு கடி ஈ. தலையை மூடும் வலைத்தொப்பி இல்லாமல் சாப்பிட உட்காரக்கூட முடியாது. ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதில்லை என்பதால் தூங்கக் கண்பட்டியும் வேண்டும். ஆகஸ்டின் பிற்பாதிதான் நல்ல காலம்: பூச்சி குறைந்து, ஓடை வற்றி, சதுப்பு நிலங்களில் காட்டுப்பழங்கள் பழுத்திருக்கும். செப்டம்பரில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும்; இரவில் உறைபனி விழும்.

உடம்பைப் பழக்கச் சில வாரங்களாவது தேவை. வெறுங்கையோடு நடந்து பழகினால் போதாது. பயணத்தில் சுமக்கப்போகும் எடையையே முதுகில் ஏற்றி, மேடு பள்ளத்தில், அதே காலணியோடு நடக்க வேண்டும். புதுக் காலணியோடு வருகிறவர்களுக்கு முதல் நாளே குதிகாலில் கொப்புளம் எழும். குதிகாலில் சூடு உறைத்த உடனே நின்று, காலுறையைக் கழற்றி, அந்த இடத்தில் பட்டை ஒட்டிவிட்டால் கொப்புளத்தைத் தவிர்க்கலாம். அடுத்த குடில்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் மீதி நாள்களை நொண்டியே கழிக்க நேரும்.

உடையில் பருத்திக்கு இடமில்லை. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் கம்பளியோ ஃபிளீஸோ, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கியும் கால்சட்டையும் என்று மூன்று அடுக்காக அணிவது வழக்கம். குல்லாவும் கையுறையும் நடுக்கோடையிலும் தேவை. இவை தவிர, ஓர் இணை காலுறை, ஓர் உள்ளாடைத் தொகுதி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் கட்டித் தனியே வைக்க வேண்டும். அவை இரவில் உடுக்க மட்டுமே. காலையில் ஈர உடையைத் திரும்ப மாட்டிக்கொள்வது எரிச்சலான காரியம்தான். ஆனாலும் அந்தக் காய்ந்த உடையை நடைக்கு எடுக்கக் கூடாது. அன்றிரவும் அது காய்ந்தே இருக்க வேண்டும்.

குடிலில் தங்குகிறவருக்குச் சுமை பாதி குறையும். போர்வை, தலையணை, எரிவாயு அடுப்பு, பாத்திரம் எல்லாம் அங்கேயே இருக்கும். விரிப்புத் துணி கொண்டுபோனால் போதும். தண்ணீர் மொள்வது, விறகு வெட்டுவது, புறப்படும்போது பெருக்கித் துடைப்பது ஆகியவை விருந்தினர் வேலை. கூடாரத்தில் தங்குகிறவர், காற்றுக்குத் தாங்கும் கூடாரம், பூஜ்யம் டிகிரிவரை சூடு காக்கும் தூக்கப்பை, தரைக்குளிர் ஏறாத மெத்தை, அடுப்பு ஆகியவற்றைச் சுமக்க வேண்டும். விமானத்தில் எரிவாயுக் குப்பியை அனுமதிப்பதில்லை என்பதால் அதை ஸ்வீடனில்தான் வாங்க வேண்டியிருக்கும். கூடாரத்தை அனேகமாக எங்கும் அடிக்கலாம். அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் மட்டும் குறித்த இடங்களில்தான் அனுமதி.

உணவு, உலர்ந்த நிலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அளவில் கணக்கிடலாம்: ஓட்ஸ், உடனடி நூடுல்ஸ், உலர்பழம், கொட்டைகள், சாக்லேட். அபிஸ்கோயவுரே, ஆலெஸ்யவுரே, சால்கா குடில்களில் சிறு கடை உண்டு. ஆகவே ஒரு வார உணவையும் முதல் நாளே தூக்க வேண்டியதில்லை. தண்ணீரோ சுமையே அல்ல. ஓடும் ஓடையில் நேரடியாக மொண்டு குடிக்கிறார்கள். ஒரு குவளையை இடுப்புப் பட்டையில் தொங்கவிட்டால் போதும்.

மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. முதுகுப்பையின் அடியில் தூக்கப்பை, நடுவில், முதுகை ஒட்டி, உணவு போன்ற கனமான பொருள்கள், மேலே மழையாடை. மழை தொடங்கியபின் பையைக் குடைந்து மழையாடையைத் தேடுவதற்குள் மற்ற எல்லாம் நனைந்துவிடும். பைக்கு வெளியே போடும் உறையை மட்டும் நம்பாமல், உள்ளே கனமான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் அடுக்குவது பாதுகாப்பு.

வழிகாட்டும் குறிகளைப் பற்றி ஒன்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கம்பங்களில் தெரியும் சிவப்புப் பெருக்கல் குறிகள் பனிச்சறுக்குக்கான குளிர்காலப் பாதையைக் காட்டுபவை. உறைந்த ஏரிகளையும் சதுப்புகளையும் கடந்து நேராகப் போகும். கோடையில் அவற்றைத் தொடர்ந்தால் தண்ணீரில் போய் நிற்க வேண்டியதுதான். கோடைப் பாதைக்குக் கற்களில் தீட்டிய சிவப்பு நிறமே அடையாளம். பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு. பாலமில்லாத ஓடையை, அது அகன்று ஆழம் குறைந்த இடத்தில், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கடக்க வேண்டும். கால் இடறினால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

கைபேசிச் சமிக்ஞை வழியில் பெரும்பாலும் கிடைக்காது. தாள் வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்க வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நாளையும் ஊரில் ஒருவரிடம் சொல்லி வைப்பது வழக்கம். சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் அவசர உதவிக்கு 112.